இறங்கி ஏறும் தூரம்

புகாரிலிருந்து தெற்கே முப்பது யோசனை. உறங்கிக்கொண்டிருந்த மணிமேகலையை மணிமேகலா தெய்வம் எடுத்துக்கொண்டு வான்வழியே மணிபல்லவத் தீவுக்குப் போன தூரத்தைச் சாத்தனார் இப்படிக் கணக்காகச் சொல்லிவைத்திருக்கிறார். புறப்பட்ட இடம், போன திசை, தூரம், இறங்கிய இடம் எல்லாம் காவியத்தில் இருக்கின்றன. இரவில் புறப்பாடு, கண் விழித்தபோது முன்பின் கண்டிராத கடற்கரை. திரும்பும் நாள்கூட முன்கூட்டியே தெரியும். ஏழாம் நாள் வந்துவிடுவாள் என்று தெய்வமே அவளுடைய தோழி சுதமதியிடம் சொல்லிவிடுகிறது.

அந்த மணிபல்லவம் நயினாதீவுதான் என்று சொல்லித்தான் எங்கள் ஊரில் பிள்ளைகளை வளர்ப்பார்கள். வேறு தீவைக் காட்டும் அறிஞர்களும் உண்டு. அது வெறும் காவியக் கற்பனை என்பவர்களும் உண்டு. நான் நயினாதீவில் பிறந்தவள். கொழும்பு வெள்ளவத்தையில் விமான ரிக்கற் எழுதும் அலுவலகமொன்றில் வேலைக்காலம் முழுவதையும் கழித்தவள். ஆகவே இந்த முப்பது யோசனையைக் கணக்குப் பார்க்காமல் விட என்னால் முடியவில்லை. பூம்புகாரும் நயினாதீவும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. இடைத்தூரம் சுமார் 170 கிலோமீற்றர். யோசனையின் அளவு நூலுக்கு நூல் மாறும். ஒரு யோசனைக்கு எட்டு மைல் என்று கொண்டால் அந்தப் பிள்ளை எங்கள் தீவைத் தாண்டிச் சிலாபத்துக்குக் கிட்டப் போயிருப்பாள். மூன்றரை மைல் என்று கொண்டால் சரியாக எங்கள் கரையில் இறங்குவாள். அளவில் சந்தேகம் இருக்கலாம், திசையில் இல்லை. புகாரில் நின்று நேரே தெற்கே கோடு இழுத்தால் அது நயினாதீவுக்குக் கிட்டத்தான் போகிறது.

அதே காவியத்தில் அதே தீவுக்கு வந்த இன்னொரு பயணி ஆபுத்திரன். சாவக நாட்டுக்குப் போகும் கப்பல், காற்று மிஞ்சியதால் மணிபல்லவத்தில் பாய் இறக்கி ஒரு நாள் தங்குகிறது. அவன் கரையில் இறங்குகிறான். ஏறிவிட்டான் என்று நினைத்து இரவோடிரவாகக் கப்பல் போய்விடுகிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி கையில் இருந்தும், உண்ண வாய் இல்லாத தீவு அது. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமலே உயிர் விடுகிறான். நேரே பறந்து வந்தவள் ஏழு நாளில் வீடு திரும்பினாள். இடைவழியில் இறங்கியவன் திரும்பவே இல்லை.

இந்த இரண்டு பயணிகளையும் சேர்த்து நினைக்க எனக்குக் கற்றுத் தந்தவர் நெடுந்தீவு அம்மா ஒருவர். மகனிடம் கனடாவுக்குப் போவதற்காக எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தார். “எவ்வளவு தூரம் தங்கச்சி?” என்று கேட்டார். “பதினாலாயிரம் கிலோமீற்றர் வரும் அம்மா” என்றேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “அது கிடக்கட்டும். எத்தினை இடத்திலை இறங்கி ஏறவேணும்?” என்றார். நெடுந்தீவிலிருந்து வள்ளத்தில் குறிகட்டுவான், அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு என்று மூன்று முறை இறங்கி ஏறித்தான் அவர் என் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு இறக்கத்திலும் யாரோ ஒருவர் அவரை விசாரித்திருந்தார். ஏதோ ஒரு கடதாசியைக் கேட்டிருந்தார். அவருக்குத் தூரம் என்பது அதுதான். தீவுப்பகுதியின் பயண வரலாற்றை எழுதப் புகுந்தால் அந்த அம்மாவின் அளவுகோலைத்தான் கையில் எடுக்கவேண்டும் என்று நான் நம்புகிறேன்.

எங்கள் துறைகளின் பழைய சாசனமே இறங்கி ஏறுவதைப் பற்றித்தான் பேசுகிறது. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டொன்று நயினாதீவில் இருக்கிறது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகளுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபச் சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி என்று விதிக்கிறது. எண்ணூறு வருடங்களுக்கு முன்னமே இந்தக் கரையில் வந்து இறங்குகிறவனுக்கு என்ன உரிமை, உடைந்துபோன பொருளில் அவனுக்கு எவ்வளவு என்று கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். அந்நியனுக்கு இங்கே இறங்கும் உரிமை எழுத்தில் இருந்தது என்பது எங்கள் தீவுகளின் மிகப் பெரிய பெருமை.

பாய்க்கப்பல் காலத்தில் மைல் யாருக்கும் தேவைப்படவில்லை. காற்றுத்தான் கணக்கு. சோளகம் எழும்பினால் வடக்கே போகலாம். வாடை வந்தால் தெற்கே வரலாம். ஊர்காவற்றுறையிலிருந்து நாகபட்டினத்துக்கு ஒரு காற்றில் ஒரு பொழுது. காற்று மாறினால் அதே கடல் நாட்கணக்கு. தூரம் மாறாமலே நேரம் மாறும் என்பது தண்டையல்மாருக்குப் பாலபாடம். பின்னாளில் எனக்கும் அது உதவியது. கொழும்பிலிருந்து லண்டன் சுமார் 8,700 கிலோமீற்றர். போகும்போது பதினொரு மணித்தியாலம் எடுக்கும் விமானம், வரும்போது அதைவிடக் குறைவாக எடுக்கும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்றுப் போகும்போது எதிர்க்கிறது, வரும்போது தள்ளிவிடுகிறது. ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்ட தீவாருக்கு, “மேலேயும் ஒரு கச்சான் காற்று இருக்குது” என்று சொன்னால் போதும், உடனே விளங்கிவிடும்.

நெடுந்தீவில் வான்வழிக்கு வேறொரு சாட்சியும் நிற்கிறது. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய புறாக்கூடு அது. உடல் முழுக்கச் சின்னச்சின்னப் பொந்துகள். ஐரோப்பியர் காலத்தில் தீவுக்கும் யாழ்ப்பாணக் கோட்டைக்கும் இடையில் கடிதம் கொண்டுபோன புறாக்கள் அதில் இருந்தன என்று ஊரார் சொல்லி வருகிறார்கள். கைவிரலை ஒரு பொந்துக்குள் விட்டுப் பார்த்தால், ஒரு பறவை அடங்கும் அளவுக்குள் கல்லை எவ்வளவு நேர்த்தியாக வளைத்திருக்கிறார்கள் என்பது தெரியும். வெளியே கரடுமுரடான முருகைக்கல், உள்ளே வழவழப்பு. மனிதன் வாடைக்குப் பயந்து கரையில் காத்திருந்த நாட்களிலும் செய்தி மட்டும் கடலைத் தாண்டிப் போயிருக்கிறது என்று அதைத் தொட்டுப் பார்க்கும்போது எண்ணத் தோன்றும்.

இனி விமானத்துக்கு வருகிறேன். பலாலியில் ஓடுபாதை போட்டவர்கள் இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பிரித்தானிய விமானப்படையினர். போர் முடிந்து, இலங்கை சுதந்திரம் அடைவதற்குச் சில வாரங்களே இருந்தபோது, 1947 டிசம்பர் 10ஆம் திகதி, எயர் சிலோன் தன் முதலாவது சேவையை ஆரம்பித்தது. சீதாதேவி என்று பெயரிட்ட டகோட்டா விமானம் இரத்மலானையில் எழும்பி, காங்கேசன்துறை என்று அப்போது குறிக்கப்பட்ட பலாலியில் இறங்கி, பிறகு மதராஸ் மீனம்பாக்கத்துக்குப் போனது. ஒரு நாட்டின் தேசிய விமானசேவை எடுத்துவைத்த முதல் அடியே யாழ்ப்பாணத்தில்தான் பதிந்தது.

இது தற்செயலாகவோ தயவுக்காகவோ நடந்ததல்ல. தேசப்படத்தில் அளந்து பாருங்கள். இரத்மலானையிலிருந்து பலாலி சுமார் 330 கிலோமீற்றர். பலாலியிலிருந்து மீனம்பாக்கம் சுமார் 356 கிலோமீற்றர். இரண்டையும் கூட்டினால் 686. இரத்மலானையிலிருந்து மீனம்பாக்கத்துக்கு நேரே கோடு போட்டாலும் அதே 686தான். அந்தக் கோட்டிலிருந்து பலாலி விலகியிருப்பது ஐந்து கிலோமீற்றர் அளவே. கொழும்புக்கும் சென்னைக்கும் நடுவில், வழியின் மேலேயே, பாதித் தூரத்தில் யாழ்ப்பாணம் இருக்கிறது. மணிக்கு முந்நூறு கிலோமீற்றருக்குள் பறந்த டகோட்டாவுக்கு ஒவ்வொரு பாதியும் ஒன்றேகால் மணித்தியாலம் சொச்சம். நாட்டின் ஒரு மூலை என்று எங்களைப் பற்றிச் சொல்லிப் பழகிவிட்டார்கள். நாங்களும் கேட்டுப் பழகிவிட்டோம். விமானத்தின் கணக்கில் நாங்கள் மூலை அல்ல, நடு.

ஆனாலும் தீவாரில் அந்த விமானத்தில் ஏறியவர்கள் சிலரே. தென்னிலங்கை ஊர்களில் கடை வைத்திருந்த புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு முதலாளிமாருக்கு ரயில்தான் வாகனம். 1956இலிருந்து யாழ்தேவி வந்தது. இந்தியாவுக்கென்றால் தலைமன்னாருக்குப் போய், கப்பலில் தனுஷ்கோடி இறங்கி, 1914இல் திறந்த பாம்பன் பாலத்தின் மேலாகப் போகும் போட் மெயிலில் மதராஸ். கொழும்பில் எடுத்த ஒரே ரிக்கற்றில் எழும்பூர் மட்டும் போகலாம் என்ற காலம் அது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையும் அங்கே போன ரயிலையும் கடலுக்குள் இழுத்துவிட்டது. அதன் பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போனது. 80களின் முற்பாதியில் அதுவும் நின்றது. எங்கள் பெரியப்பா அந்தப் பாதையில் சிதம்பரத்துக்குப் போய்வந்த கதையைச் சொல்லும்போது மைல் சொல்லமாட்டார். “மூண்டு இறக்கம்” என்பார்.

தீவுகளுக்குள்ளேயும் இறக்கங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தன. பண்ணைப் பாலம் யாழ்ப்பாணத்தை வேலணைத் தீவோடு இணைத்தது. வாணர் சகோதரர்கள் முன்னின்று உழைத்த பாலம் வேலணையைப் புங்குடுதீவோடு இணைத்தது; ஊர் இன்றும் அதை வாணர் பாலம் என்றுதான் சொல்கிறது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் மட்டும் இன்றும் பாதையில்தான் கடக்கவேண்டும். மோட்டார் சைக்கிளையும் ஆளையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போகும் அந்த மிதவைத் தட்டுக்குப் பெயரே பாதை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் பாலம் கிடையாது. வள்ளம்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ரிக்கற் கையால் எழுதப்பட்டது. ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் சிவப்புக் காபன் பூசியிருக்கும். அழுத்தி எழுதினால்தான் அடியில் இருக்கும் தாள் வரைக்கும் எழுத்து இறங்கும். பின்னேரம் கை கழுவினாலும் விரல்நுனியில் அந்தச் சிவப்புப் போகாது. 2008 ஜூன் மாதத்தோடு உலகம் முழுவதும் காகித ரிக்கற் ஒழிந்தது. அதுவரைக்கும் ஒரு பயணத்தின் ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு தாள் கிழிபடும். புத்தகத்தின் தடிப்பைப் பார்த்தே எத்தனை இறக்கம் என்று சொல்லிவிடலாம்.

அந்த வேலையில் நான் கற்ற மிகப் பெரிய பாடம் மைல் கணக்கு. இரண்டு நகரங்களுக்கு இடையில் ஒரு கட்டணம் நிர்ணயித்தால், நேர்த்தூரத்தைவிட ஏறக்குறைய நூற்றுக்கு இருபது வீதம் கூடுதலாகச் சுற்றிப் போகலாம் என்று ஒரு எல்லையும் வைப்பார்கள். எம்.பி.எம். என்று தொழிலில் சொல்வோம். ஒவ்வொரு கட்டத்தின் மைலையும் கூட்டுவோம். எல்லையைத் தாண்டினால் கட்டணத்தோடு ஐந்து வீதம், பத்து வீதம் என்று ஏறி இருபத்தைந்து வீதம் மட்டும் மிகைக் கட்டணம் விழும். அதற்கும் மேலே போனால் அந்தக் கட்டணமே செல்லாது. பயணத்தைத் துண்டுதுண்டாக உடைத்துத்தான் விற்கவேண்டும். மனிதன் நேரே போகமுடியாது, கொஞ்சம் சுற்றத்தான் வேண்டிவரும் என்று உலக விமானத்துறை ஒப்புக்கொண்ட அளவு அந்த இருபது வீதம். அதை மனதில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்துப் பயணங்களைப் பாருங்கள்.

பலாலியிலிருந்து திருச்சிராப்பள்ளி நேரே 183 கிலோமீற்றர். இருபது வீதம் கூட்டினாலும் 220ஐத் தாண்டக்கூடாது. பலாலி எங்களுக்கு மூடப்பட்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்து ஆள் திருச்சிக்குப் போக வேண்டுமென்றால், ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர் தெருவால் கொழும்புக்குப் போய், கட்டுநாயக்காவில் ஏறி, இன்னொரு 420 கிலோமீற்றர் பறக்க வேண்டும். 183க்குப் பதிலாக 820. நாலரை மடங்கு. விமானத்துறையின் எந்தச் சட்டமும் அனுமதிக்காத சுற்று அது. அந்தச் சுற்றைத்தான் ஒரு தலைமுறை முழுவதும் எங்கள் சனம் நடந்தும் ஓடியும் பறந்தும் தீர்த்தது.

அந்தக் காலத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஆட்கள் இருக்கிறார்கள். 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து வெளிக்கிட்ட குமுதினிப் படகைக் கடலில் மறித்து, குழந்தைகள், பெண்கள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டவர்களை வெட்டிக் கொன்றார்கள். கொன்றவர்கள் கடற்படையினர் என்று உயிர்தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். ஒரு மணித்தியாலத்துப் பயணம் அது. கந்தோருக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள் ஏறும் படகு அது. 1990, 91இல் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுப் பக்கத்துச் சனம் வீடுகளைப் பூட்டிவிட்டுக் குடாநாட்டுக்குள் ஓடியது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டு, கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்து, ஒரு பக்கம் ஒரு பாஸ், மறுபக்கம் இன்னொரு பாஸ் என்று வவுனியாவை எட்டிய காலம் வந்தது.

பிறகு தனியார் விமானங்கள் பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையில் ஓடின. 1998 செப்டம்பர் 29ஆம் திகதி பலாலியில் எழும்பிய லயன் எயர் அன்டனோவ் விமானம் மன்னாருக்கு அப்பால் கடலில் விழுந்தது. பயணிகள் 48 பேர், பணியாளர்கள் 7 பேர். விடுதலைப் புலிகளின் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது என்று பின்னர் நடந்த விசாரணைகள் சொல்லின. பயணிகளில் பெரும்பாலோர் தமிழர். 2012இல்தான் இரணைதீவுக் கடலடியில் அதன் சிதைவுகள் கண்டெடுக்கப்பட்டன. உறவினர் அடையாளம் காண்பதற்காக உடைகளையும் பொருட்களையும் யாழ்ப்பாணத்தில் பரப்பி வைத்தார்கள். ஒன்றேகால் மணித்தியாலத்துப் பறப்புக்குப் போனவரின் முடிவை அறியப் பதினான்கு வருடம் ஆனது. குமுதினியையும் லயன் எயரையும் நான் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது வேண்டுமென்றுதான். யார் கையால் என்பது வேறு. ரிக்கற் எடுத்து ஏறிய சாதாரண சனம் என்பது இரண்டிலும் ஒன்று.

இதே ஆண்டுகளில்தான் தீவார் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போனார்கள். வரலாற்றில் எழுதவேண்டிய ஒரு வழி கிழக்கு பெர்லின் வழி. கொழும்பில் ஏரோஃபுளொட்டில் ஏறி, மொஸ்கோவில் மாறி, கிழக்கு ஜேர்மனியின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்குவார்கள். அங்கிருந்து நகரத்து ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் போய்விடலாம். பெர்லின் நடுவே ஓடிய கோட்டை எல்லை என்றே மேற்குத் தரப்பு ஏற்காததால் அங்கே கடவுச்சீட்டு கேட்க ஆளில்லை. 1985 நடுப்பகுதியில் அந்தக் கதவு எங்களவருக்கு மூடப்பட்டது. அதற்கு அடுத்த வருடம், 1986 ஆகஸ்ட் 11ஆம் திகதி, கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் கண்டெடுத்தார்கள். ஜேர்மனியில் புறப்பட்ட கப்பலொன்று அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. ஒரு கதவு மூடியதும் தூரம் எப்படி நீண்டது என்பதற்கு இந்த இரண்டு வருடங்களே போதும். ஏஜென்சிக்குக் காசு கட்டிப் போன பெடியன்கள் வழியில் தங்கிய ஊர்களின் பெயர்கள் எந்த ரிக்கற்றிலும் எழுதப்படவில்லை. வீட்டில் இருந்தவர்களுக்கு “போய்ச் சேர்ந்திட்டன்” என்ற ஒரு தொலைபேசி அழைப்புத்தான் அந்தத் தூரத்தின் அளவு.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பூகோள உருண்டை இருந்தது. பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தாய்மாருக்கு அதில் நூல் பிடித்துக் காட்டுவேன். ஒரு முனை யாழ்ப்பாணத்தில், மறு முனை ரொறன்ரோவில். நூலை இறுக்கினால் அது எல்லாரும் நினைப்பதுபோல் மேற்கே போகாது. விறுவிறென்று வடக்கே ஏறும். பாகிஸ்தான் பக்கம், உருசியா, முர்மன்ஸ்க் அருகில், வடதுருவத்தை அண்டிய கடல், கிறீன்லாந்து, பிறகு கீழே இறங்கி ரொறன்ரோ. சுமார் 13,700 கிலோமீற்றர். கிரீனிச்சுக்குக் கிழக்கே எண்பது பாகையில் யாழ்ப்பாணம். மேற்கே ஏறக்குறைய அதே எண்பதில் ரொறன்ரோ. இங்கே விடியும்போது அங்கே முதல்நாள் பின்னேரம். பனிக்காலத்தில் பத்தரை மணித்தியாலமும் கோடையில் ஒன்பதரையும் பிந்தி ஓடுகிறது அவர்களின் மணிக்கூடு. தாய்மார் நூலை விரலால் தடவிப் பார்ப்பார்கள். பனிக்கடலுக்கு மேலே மகன் எப்படிப் போனான் என்று கேட்பார்கள். இந்த நூலின் மேலாக யாரும் போகவில்லை அம்மா, எல்லாரும் சுற்றித்தான் போனார்கள் என்று சொல்வேன்.

வான்வழி மூடினால் தூரம் கூடும் என்பதை இன்று பெரிய நாடுகளும் அறிந்துகொண்டிருக்கின்றன. 2022இல் உருசிய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டபோது, ஹெல்சிங்கியிலிருந்து தோக்கியோவுக்கு ஒன்பதரை மணித்தியாலம் அளவில் பறந்த பின்லாந்து விமானங்கள் பதின்மூன்று மணித்தியாலம் பறக்க வேண்டி வந்தது. ஊர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. உலகச் செய்தியாக அது வந்தபோது, எங்களுக்கு அது முப்பது வருடத்துப் பழைய செய்தி என்று நினைத்துக்கொண்டேன்.

பலாலிக் கதவு திரும்பத் திறந்தது 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி. யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற புதுப்பெயரோடு, சென்னையிலிருந்து வந்த அலையன்ஸ் எயர் விமானம் அன்று தரையிறங்கியது. அடுத்த மாதம் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவோடு நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் ஆரம்பித்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து வந்தது. 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் வரத் தொடங்கியது. ஓடுபாதை நீளம் போதாததால் எழுபது பேரளவில் ஏறும் ஏ.டி.ஆர். விமானங்கள்தான் வருகின்றன. சென்னைக்கு ஒன்றேகால் மணித்தியாலம் அளவு, திருச்சிக்கு ஒரு மணித்தியாலம். கடலிலும் 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் கப்பல் விட்டார்கள்; இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. சுமார் 110 கிலோமீற்றர், நாலு மணித்தியாலம். டகோட்டா 1947இல் எடுத்த நேரத்துக்குத்தான் எழுபத்தைந்து வருடம் கழித்து நாங்கள் திரும்பி வந்திருக்கிறோம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. திரும்பி வந்ததே பெரிது.

இதன் பயன் தீவுகளில் கண்ணால் தெரிகிறது. ஆனி மாதம் நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் இப்போது கட்டுநாயக்கா வழியை விட்டுச் சென்னை வழியாகப் பலாலியில் இறங்குகிறார்கள். தமிழ்நாட்டு அடியவர்களும் வருகிறார்கள். புகாரிலிருந்து மணிபல்லவத்துக்கு ஓர் இரவில் வந்து சேர்வது என்ற காவியச் செய்தி இன்று நடக்கக்கூடிய காரியம். திருச்சியில் ஏறினால் அன்றைக்கே நயினாதீவு அம்மனைக் கும்பிட்டுவிடலாம். கடைசிக் கட்டத்தில் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வந்தால்.

அந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றித்தான் நான் முடிவாகச் சொல்லவேண்டும். பலாலியில் இறங்கியவர் யாழ்ப்பாணத்துக்கு வந்து, பஸ் மாறி, புங்குடுதீவைக் கடந்து, குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வரவேண்டும். நயினாதீவுக்கு அங்கிருந்து இருபது நிமிடம். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலமும் அதற்கு மேலும். விமானத்தின் நேரத்துக்கும் பஸ்ஸின் நேரத்துக்கும் வள்ளத்தின் நேரத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. கடைசி வள்ளத்தைத் தவறவிட்டால் இரவு வெளியில்தான். வாடை கடுமையாக இருக்கும் நாட்களில் நெடுந்தீவு வள்ளம் ஓடாது. அப்போது நோயாளியும் பரீட்சைக்குப் போகவேண்டிய பிள்ளையும் கரையில் நிற்கிறார்கள். உலகத்தின் மறு பக்கத்திலிருந்து பதினாலாயிரம் கிலோமீற்றர் பறந்து வருகிறவருக்கு நிச்சயமில்லாத கட்டம் எதுவென்றால், கடைசிப் பத்துப் பதினைந்து கிலோமீற்றர்தான்.

விமான நிலையத்துக்கு ஓடுபாதை நீளவேண்டும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். நானும் கேட்கிறேன். பெரிய விமானம் வந்தால் ஓர் இறக்கம் குறையும். ஆனால் தீவார் கேட்கவேண்டியது அதற்கு மேலும் இருக்கிறது. நெடுந்தீவுக்கு எந்தக் காற்றிலும் ஓடக்கூடிய பாதுகாப்பான படகு வேண்டும். விமானம் வந்து இறங்கும் நேரத்தைப் பார்த்துப் புறப்படும் பஸ்ஸும், அந்த பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் வள்ளமும் வேண்டும். யாழ்ப்பாணம் விமான நிலையத்தின் நேர அட்டவணையில் குறிகட்டுவானும் ஒரு வரியாக எழுதப்படவேண்டும். ஓடுபாதைக்கு ஆகும் செலவோடு பார்த்தால் இது பெரிய காசு அல்ல. கூடி இருந்து பேசவேண்டிய அலுவலகங்கள் சில, அவ்வளவே. ஊராத்துறைக்கு வரும் அந்நியனைக் காக்கவேண்டும் என்று கல்லில் வெட்டிய இடத்தில், தன் வீட்டுக்குத் திரும்பும் நெடுந்தீவு அம்மா எத்தனை மணிக்குக் கரை சேருவார் என்று ஒரு கடதாசியிலாவது எழுதி வைப்பது எங்கள் கடமை.